பெட்ரோலில் கழுவிய இறக்கை

பூச்சிக்குப் பெயர் சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பாடம் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வலை வீசுவதையும் ஊசி குத்துவதையும் இறக்கையை விரித்துக் காயவைப்பதையும் ஒரு மாதத்தில் கை தானே கற்றுக்கொள்ளும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒருத்தியின் மேல் நான் பட்ட பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி அதிலிருந்து வந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம். ஆண்களில் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், அடையாற்றில் இருந்த எங்கள் பூச்சி ஆய்வு அறையில் இரண்டு பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஒருத்தி நான். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். இன்னொருத்தி சுபைதா. அவளுடைய அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் பட்டன், லேஸ் விற்கிற கடை. இருவரும் ஒரே கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள்தான், ஆனால் வேலைக்கு வரும்வரை ஒருவரோடொருவர் பேசியதில்லை. இரண்டு பேரில் ஒருவரைத்தான் பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்பது முதல் நாளே தெரியும்.

எங்களுக்குத் தினமும் பார்சல் வரும். தேயிலைத் தோட்டத்திலிருந்து, கல்லூரிகளிலிருந்து, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடமிருந்து. உள்ளே பட்டாம்பூச்சியோ, விளக்கில் விழுந்த அந்துப்பூச்சியோ இருக்கும். இது என்ன பூச்சி, பயிருக்குக் கெடுதலா என்று கேட்டிருப்பார்கள். பார்த்துப் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு எங்களிடம் இரண்டு வகைப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் படமே கிடையாது. முன்காலில் முள் இருந்தால் ஐந்தாம் வரிக்குப் போ, இல்லாவிட்டால் ஒன்பதாம் வரிக்குப் போ என்று வழி சொல்லிக்கொண்டே போகும். மற்றொன்று வண்ணப் படங்கள் போட்ட புத்தகம். யுத்தத்தில் அந்த மாதிரி இன்னொரு பிரதி வாங்க வழியில்லை என்பதால் அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

நான் படமில்லாத புத்தகத்துக்காரி. வரி வரியாகப் போவேன், நேரமாகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவேன். சுபைதா வேறு மாதிரி. பார்சலைப் பிரிக்கும்போதே பெயரைச் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டி, சரியா என்று பார்ப்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதமே எங்கள் அதிகாரி வண்ணப் புத்தக அலமாரியின் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கறுப்புக் கயிற்றில் கட்டி மேஜைமேல் வைத்திருப்பாள். எனக்குப் படம் பார்க்க வேண்டும் என்றால் அவளைக் கேட்க வேண்டும். அவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் அவள் மேஜைக்குத்தான் போவார்கள். குண்டு விழும் என்று ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் அறையில் வெளிச்சம் வருகிற இடம் வாசல் ஓரம் மட்டும்தான். அந்த இடத்தில் இருந்தது அவள் மேஜை. அதுவும் எனக்குக் குறைதான். அவள் சிரித்தால் எரிச்சல், சிரிக்காமல் இருந்தால் என்ன கர்வம் என்று எரிச்சல். வீட்டில் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஒரு நாள் அம்மா, "ஆத்துக்கு வந்தும் அந்தப் பொண்ணு பேச்சுதானா? அவ பூச்சியப் பாத்துண்டிருக்கா, நீ அவளப் பாத்துண்டிருக்கே" என்றாள்.

அம்மா விளையாட்டாகச் சொன்னதைக் கொஞ்ச நாளில் எங்கள் அதிகாரியும் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது நீங்கள் வெந்தய வரியன் என்று தமிழில் அழகாகப் பெயர் சொல்கிறீர்களே, அந்தப் பட்டாம்பூச்சியால் வந்தது அது. எங்களுக்கு அப்போது தமிழ்ப் பெயரெல்லாம் கிடையாது. ஆரஞ்சு நிறம், ஓரத்தில் கறுப்பு, எருக்கஞ்செடி இருக்கிற இடமெல்லாம் பறக்கும். அதைத் தின்றால் பறவைக்குக் குமட்டும். அதனால் வேறொரு இனத்தின் பெண் பூச்சி அச்சாக அதே வேஷம் போட்டுக்கொண்டு திரிகிறது. பறவைகள் மட்டுமில்லை, நாமும் ஏமாந்துபோவோம்.

ஒரு கல்லூரி ஆசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆற்றங்கரைத் தோட்டத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனோம். செம்பருத்திப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று பறந்தது. சுபைதா தூரத்திலிருந்தே, அது அசல் இல்லை, வேஷக்காரி என்றாள். பறக்கிறதைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக, இல்லை, அசல்தான், பின்னிறக்கையில் புள்ளிகள் தெரிகின்றன என்றேன். உண்மையில் எனக்கு எந்தப் புள்ளியும் தெரியவில்லை. தெரிந்ததாகத்தான் அப்போது நினைத்தேன், அதுதான் விசேஷம். ஆசிரியர் வலையை வீசிப் பிடித்தார். அசலுக்குப் பின்னிறக்கையின் நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்க வேண்டும். அதில் மேல் விளிம்பில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது. வேஷக்காரியேதான்.

மாணவர்கள் போன பிறகு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "கோமதி, நீங்க பூச்சியைப் பார்க்கலை. சுபைதாவைப் பார்த்தீங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் என் சொல்லுக்கு மதிப்பு குறைந்தது. சுபைதா சொன்னதற்கு நான் மாற்றுச் சொன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதைவிடக் கஷ்டம், நானே என்னை நம்பாமல் போனது. ஒரு பூச்சியில் சந்தேகம் வந்தால், இது என் கண்ணா, என் வயிற்றெரிச்சலா என்று கேட்டுக்கொள்வேன். பதில் கிடைக்காது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பலமாகப் பெய்து ஆறு கரை புரண்டது. மழை விட்ட ஒரு மாலையில் சுபைதா ஆற்றங்கரையில் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றைப் பிடித்தாள். வெளுத்த வரிகள் போட்டது. மறுபடி தூறல் ஆரம்பித்துவிட்டதால் அவசரமாக முக்கோணமாக மடித்த காகித உறைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வேலை மிகுதியில் அதை மறந்துபோய், சில வாரம் கழித்துத்தான் எடுத்தாள். ஈரம் காட்டி மிருதுவாக்கி, பலகையில் விரித்து, வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கறுப்பில் வரி போட்ட இந்தக் கூட்டத்தில் இரண்டு உறவுக்காரப் பூச்சிகள் உண்டு. ஒன்று சமவெளியிலும் தட்டுப்படுவது. அதன் வரிகள் அகலமாக, கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கும். மற்றது நீலகிரி மாதிரி உயரமான மலைக் காட்டைவிட்டு இறங்காதது. அதன் வரிகள் குறுகலாக, புகை படிந்தாற்போல் மங்கலாக இருக்கும். சுபைதாவின் பூச்சி மங்கலாக இருந்தது. மலையில் இருக்க வேண்டியது அடையாற்றங்கரைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை.

அதிகாரி பூதக்கண்ணாடியால் திரும்பத் திரும்பப் பார்த்தார். படத்தோடு வரிக்கு வரி பொருந்தியது. புயல் காற்றில் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்றார். ஒரு குறிப்பு எழுதச் சொன்னார், வெளியூர்ப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அது வெளிவந்தால் நிரந்தர வேலை யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. கடைசியாக என்னைப் பார்த்து, இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இரண்டு நாள் அந்தப் பூச்சி என் மேஜையில் இருந்தது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதுபோல் வாழ்க்கையில் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. கோயிலுக்குப் போனால்கூட அதுதான் மனசில் ஓடியது. அந்த ஆசை எனக்கே பயமாக இருந்தது. தோட்டத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. அப்போது இல்லாத புள்ளியைப் பார்த்த கண், இப்போது எதை வேண்டுமானாலும் பார்க்கும்.

அதனால் ஒரு முடிவு செய்தேன். இது தப்பு என்று நிரூபிக்கப் பார்க்கக் கூடாது. சுபைதா சொன்னது சரி என்று நிரூபிக்கப் பார்க்க வேண்டும். அவளுக்காக வாதாடுகிற வக்கீல் மாதிரி, படமில்லாத என் புத்தகத்தில் மலைப் பூச்சிக்கு என்னென்ன அடையாளம் எழுதியிருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொன்றாக அந்த உடம்பில் தேடினேன். வேண்டா வெறுப்பாகத்தான் செய்தேன், ஆனால் செய்தேன். வரியின் மங்கல் இருந்தது. நிறம் இருந்தது. வரியின் அகலத்தைப் பார்க்கும்போதுதான் இடித்தது. வரிக்கு விளிம்பே இல்லை. எங்கே வெளுப்பு முடிந்து எங்கே கறுப்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியவில்லை. புத்தகம், விளிம்பு தெளிவாக இருக்கும் என்றது.

அது வந்த காகித உறை பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் பூச்சியின் உடம்பு இருந்த இடம் பஜ்ஜி சுற்றின காகிதம் மாதிரி எண்ணெய் இறங்கித் தெரிந்தது.

சில பூச்சிகள் செத்த பிறகு உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து இறக்கை முழுவதும் ஊறிவிடும். ஊறினால் நிறம் கறுத்து, வெளுப்பு மங்கிப்போகும். பெட்ரோலில் ஊறவைத்தால் எண்ணெய் போய்ப் பழைய நிறம் திரும்பும். இது மலைப் பூச்சியாக இருந்தால் கழுவினாலும் மங்கலாகவே இருக்கும். சமவெளிப் பூச்சியாக இருந்தால் வெளுக்கும். கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு பூச்சி. பழுதாகிவிட்டால் சுபைதாவின் கண்டுபிடிப்பை நான் வேண்டுமென்றே அழித்தேன் என்றுதான் ஊர் சொல்லும்.

அதிகாரியிடம் போகலாமா என்று யோசித்தேன். போனால், மறுபடி சுபைதாவைத்தான் பார்க்கிறீர்கள் என்று சொல்வார், அது தெரியும். முதலில் கையில் பெட்ரோல் வேண்டும், பிறகு சுபைதாவிடம் போக வேண்டும் என்று தோன்றியது.

பெட்ரோலுக்கு அப்போது ரேஷன், பல பஸ்களுக்குக் கரி வாயு அடுப்பு மாட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு டாக்டருடைய காரை ஓட்டின ஏழுமலை என்பவர் இருந்தார். மை தீர்ந்த கண்ணாடி மசிக்கூடு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மசிக்கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா நீ. ஊர்ல பாதி பஸ்ஸு கரியில ஓடிக்கினு கீது. பூச்சிக்கு குளிக்க பெட்ரோலு வோணுமா?"

டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, மசிக்கூட்டில் பாதிவரை ஊற்றிக்கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது பக்கத்தில் பீடி பற்றவைப்பார்களோ என்று அடையாறு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

சுபைதாவின் மேஜையில் உறையையும் மசிக்கூட்டையும் வைத்தேன். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு இது தப்பா இருக்கணும்னு இருக்கு, இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது? "ஆனா எண்ணெய் இருக்கறது நெஜம்."

எனக்கு அவள் கோபப்பட வேண்டும், மறுக்க வேண்டும் என்றிருந்தது. மறுத்திருந்தால் நான் நேரே அதிகாரியிடம் போயிருப்பேன். அவள் இழுப்பறையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். பூச்சியின் இடது பக்கத்து இரண்டு இறக்கைகளையும் உடம்போடு ஒட்ட வெட்டி, காகிதத்தில் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"இடது பக்கத்த மட்டும் கழுவு. வலது பக்கம் அப்படியே இருக்கட்டும். அப்பத்தான் யாரும் உன்னையும் சொல்ல முடியாது, என்னையும் சொல்ல முடியாது."

அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

கண்ணாடித் தட்டில் பெட்ரோலை ஊற்றி இறக்கைகளை மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் லேசாக மஞ்சளாயிற்று. அதைக் கொட்டிவிட்டு மீதியை ஊற்றினோம். பிறகு எடுத்து மை ஒற்றும் தாளில் வைத்து வாசல் காற்றில் காயவிட்டோம். ஈரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிறகு ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. காய்ந்த இடமெல்லாம் வெளுத்தது. வரிகள் அகலமாகிக்கொண்டே வந்து, விளிம்பு கத்தியால் கீறினாற்போல் தெரிந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி பளிச்சென்று கிடந்தது இடது பக்கம். பலகையில் வலது பக்கம் புகை மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே பூச்சி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த நிமிஷம் அது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சுபைதா அந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வலையில இருந்தப்ப வெளுப்பாத்தான் இருந்துச்சு, கோமதி. நான் பாத்தேன். புத்தகத்துல அந்தப் படத்தப் பாத்தப்புறம் அது எனக்கு மறந்தே போச்சு."

கண்ணால் பார்த்ததைப் படம் அழித்துவிடும். அதுவும் நல்ல கண்ணுள்ளவர்களுக்குத்தான் அதிகம் நடக்கும். பிடித்த இடத்திலேயே, புத்தகத்தைத் திறக்கும் முன், பார்த்ததை நாலு வார்த்தையில் குறித்துவையுங்கள் என்று நான் உங்களை நச்சரிப்பது இதனால்தான்.

அதற்கப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை. தாளையும் பலகையையும் எடுத்துக்கொண்டு அப்போதே அதிகாரி அறைக்குப் போனாள். எழுதிய குறிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, அன்றைய பார்சலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் நிரந்தர வேலையை அறிவித்தார்கள். சுபைதாவுக்கு.

நான் நேரே அதிகாரி அறைக்குப் போனேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தது நான் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. தெரியும், முதல் வார்த்தையாக அதைத்தான் சுபைதா சொன்னாள் என்றார். அப்படியானால் ஏன் என்றேன்.

"நீங்க கண்டுபிடிச்சதுல உங்களுக்கு லாபம். அவங்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கையில எடுத்துக்கிட்டு அவங்களே நடந்து வந்தாங்க. இந்த வேலையில பாதி நாள் நாம சொன்னதை நாமளே திருப்பி எடுத்துக்கறதுதான்."

அது நியாயம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பல வருஷம் தோன்றவில்லை. சரியாகச் சொன்னவள் வெளியே, தப்பாகச் சொன்னவள் உள்ளே என்றுதான் மனசு கணக்குப் போட்டது. முன்னே அவள் கண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைப் படிப்பாலும் பழக்கத்தாலும் எட்டிப் பிடித்துவிடலாம் என்று நம்பிக்கை இருந்தது. இப்போது அவள் குணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதாயிற்று. அதை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

யுத்தம் முடியும்வரை நான் தற்காலிகமாகவே இருந்தேன். முடிந்ததும் பட்டாளத்துக்குப் போனவர்கள் திரும்பினார்கள். தற்காலிக வேலைகளை எல்லாம் ரத்து செய்தார்கள். நானும் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் குமாஸ்தா வந்து, என்னை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மேலிடத்தில் உத்தரவாகியிருக்கிறது, சுபைதாவுக்கு உதவியாளராக, அவளே விடாமல் கேட்டாளாம் என்றார். அவள் மேஜைக்குப் போய், எனக்கு யாருடைய தர்மமும் வேண்டாம் என்றேன்.

சுபைதா பேனாவைக் கீழே வைத்தாள். "தர்மம் யாரு பண்ணாங்க? நான் என்ன சொன்னாலும் இங்க எல்லாரும் சரிங்கறாங்க. சாரும் சரிங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்னது தப்பா இருக்கணும்னு மனசார ஆசைப்படற ஒருத்தி எனக்கு வேணும். உன்னைவிட்டா யாரு இருக்கா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் அங்கே தங்கினேன். அவள் ஓய்வு பெறும்வரை அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். சிநேகிதிகள் ஆனோமா என்று கேட்பீர்கள். தெரியாது. அவள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் போனேன், என் வீட்டுக்கு அவள் வந்தாள். ஆனால் அவள் ஒரு பூச்சிக்குப் பெயர் சொல்லும்போது எனக்குள் சுருக்கென்று ஒன்று தைப்பது நிற்கவே இல்லை. அது சரியாகிவிடும் என்று நானும் முயன்றேன், ஆகவில்லை. பிறகு அதை அடக்குவதை விட்டுவிட்டு வேலைக்கு விட்டேன். ஒன்றை மட்டும் விடாமல் செய்தேன். அவள் சொன்னது சரி என்று நிரூபிக்க முதலில் முழுசாக முயல்வேன். அது தோற்ற பிறகுதான் தப்பு என்று வாயைத் திறப்பேன்.

உங்களுக்குச் சொல்வதும் அதுதான். உங்களைப் பிடித்தவர்களிடம் உங்கள் பூச்சியைக் காட்டாதீர்கள். பிடிக்காதவர்களிடம் காட்டுங்கள். பக்கத்து மேஜைக்காரர் மேல் பொறாமை வந்தால், வந்துவிட்டுப் போகட்டும். கண் அவர் மேல் நிற்காமல் பூச்சியின் மேல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள் காலை, சுபைதா பெயர் எழுதி முடித்த அந்துப்பூச்சித் தட்டு ஒன்றை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். நான் அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய், புத்தகத்தைத் திறந்து, முதல் பூச்சியிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானம்வரை எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒன்று அகப்பட்டது. மறுபடி மறுபடி பார்த்துவிட்டு அவளிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஊசியிலிருந்து தன் கையெழுத்துப் பெயர்ச்சீட்டைத் தானே உருவிக் கிழித்தாள். தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் நாலு வரிசை இருக்கு" என்றாள்.